ஈஸ்வரி டிரைவிங் ஸ்கூலும் என் முதலாளி ஆசையும்

இனி எவனுக்கும் கைகட்டி நிற்பதில்லை என்று 2009-ஆம் வருடம் ஆடி மாதத்தில் ஒரு முடிவு எடுத்தேன். ஆடியில் புதுசாக எதையும் தொடங்கக்கூடாது என்பார்கள். முடிவுதானே, எடுக்கலாம் என்று எடுத்துவிட்டேன். காக்களூர் இண்டஸ்ட்ரியல் எஸ்டேட்டில் பதினொரு வருடமாகக் கம்பெனி வேன் ஓட்டுகிறேன். சூப்பர்வைசர் அரசப்பன் என்னைத் திட்டாத நாள் ஞாயிற்றுக்கிழமை மட்டும்தான். அன்றைக்கு என் மனைவி ஈஸ்வரி திட்டுவாள்.

டிரைவிங் ஸ்கூல் வைக்க அரசாங்கம் மானியத்தோடு கடன் தருகிறதாம். பெண்கள் பெயரில் கேட்டால் மானியம் கூடுதலாம். பெயர் அவளுடையது, மூளை என்னுடையது. திட்டம் தயார்.

“நீ கையெழுத்து மட்டும் போடு. மீதிய நான் பாத்துக்கறேன்,” என்றேன்.

“இன்னா ஏதுன்னு தெரியாம எப்படி மாமா போடறது? ஃபாரத்தக் குடு, படிச்சிட்டுத் தரேன்.”

படித்தாள். அதன்பிறகு அந்த ஃபாரம் என் கைக்குத் திரும்பவே இல்லை.

மாவட்டத் தொழில் மையத்தில் நேர்காணல் வைத்தார்கள். முந்தின நாள் முழுக்க அவளைப் பத்துப் பதில்கள் உருப்போட வைத்தேன். விண்ணப்பதாரர் மட்டும் உள்ளே வரலாம் என்று சொல்லிவிட்டார்கள். வெளியே மரத்தடியில் என்னைப்போல் ஏழெட்டு மூளைகள் உட்கார்ந்திருந்தோம். வந்தவளிடம் என்ன கேட்டார்கள் என்றேன். கேட்டாங்க, சொன்னேன் என்றாள்.

அடுத்து இரண்டு வாரம் தொழில் பயிற்சி. அவள் வகுப்புக்குப் போனாள், நான் வேலை முடிந்து வந்து சாம்பார் வைத்தேன். பத்தாம் நாள், மார்க்கெட் சர்வே முடித்துவிட்டதாகச் சொன்னாள்.

“நம்ம தெருவுல கம்பெனி பஸ்ஸுக்கு நிக்குற பொண்ணுங்களையெல்லாம் கேட்டேன் மாமா. எல்லாருக்கும் கார் ஓட்ட ஆசை கீது. ஆனா நீ சொல்லிக்குடுத்தா வரமாட்டாங்களாம்.”

“ஏன், எனக்கு இன்னா கொறச்சல்?”

“எனக்கு மொபெட் பழக்கும்போது கத்திக்கினே பின்னால ஓடியாந்தியே, அத்தப் பாத்தவங்கதான எல்லாரும். எதிரூட்டுக் கொழந்த ஒரு வாரம் தூங்கலியாம்.”

ஆகவே பெண்களுக்கு மட்டுமான டிரைவிங் ஸ்கூல். சொல்லிக்கொடுக்க அத்திப்பட்டிலிருந்து குணசுந்தரி என்று ஒருத்தி வருவாளாம். லாரியே ஓட்டியவளாம். சொல்லிக்கொடுப்பது யாராக இருந்தாலும் முதலாளி நான்தானே. கடன் பாஸான செய்தி வந்ததும், ராஜினாமா கடிதத்தைச் சட்டைப்பையில் செருகிக்கொண்டு நேரே வங்கிக்குப் போனேன். மேனேஜர் பாக்கியநாதன் தங்கமான மனிதர். ஈஸ்வரியின் கணவர் என்றதும் காபி வரவழைத்தார்.

“சார், பேருதான் அவளுது. நடத்தப்போறது நான்தான். இன்னிக்கே வேலைய உடறேன்,” என்றேன்.

அவர் முகம் மாறியது. ஃபைலை எடுத்து, திட்ட அறிக்கையில் ஒரு பக்கத்தை என் பக்கமாகத் திருப்பி வைத்தார். ஈஸ்வரியின் உருண்டைக் கையெழுத்து.

‘தொழிலுக்கு வரக்கூடிய ஆபத்து: என் கணவர் முதலாளியாக ஆசைப்படுவது. தடுக்கும் வழி: அவர் இப்போது பார்க்கும் வேலையை விடாமல் பார்த்துக்கொள்வது.’

“தயவுசெஞ்சு வேலைக்குப் போயிடுங்க சார்,” என்றார் பாக்கியநாதன். “இந்த ரெண்டு வரிய நம்பித்தான் கடனே குடுத்திருக்கோம்.”