மாமனாருக்குக் கொண்டுவந்த காற்றுத் திண்டு

சாகக் கிடக்கிறவர் முன்னால் எவனும் கெட்டிக்காரத்தனம் காட்டக் கூடாது. நான் காட்டினேன்.

அப்போது மோட்டார் வண்டி சிங்கப்பூருக்குப் புதிது. சைக்கிள் டயர், கால்பந்து, காற்றடிக்கும் பம்பு எல்லாம் விற்கும் ஜாலான் புசார் தெருக் கடையொன்றில் நான் குமாஸ்தா. என் மாமனார் சிராங்கூன் சாலையில் மாட்டு வியாபாரி. அவருடைய கொட்டகை வேலையை உதறிவிட்டு நான் கடைக்குப் போன அன்று, "வெறுங்காத்த அடைச்சு விக்கிறவனுக்கா பொண்ணு குடுத்தேன்?" என்றார். அதற்குப் பிறகு என்னோடு ஒரு வார்த்தை பேசவில்லை. (ஏதாவது சொல்லியே தீர வேண்டுமென்றால் பக்கத்தில் நிற்கும் மாட்டிடம் சொல்வார்.)

பிறகு படுத்த படுக்கையானார். இடுப்பெல்லாம் புண். டாக்டர் கையை விரித்துவிட்டார். போவதற்குள் என்னிடம் ஒரு வார்த்தை பேசிவிட மாட்டாரா என்று ஏங்கினேன். எங்கள் கடையில் நோயாளிகளுக்கென்றே ரப்பர் காற்றுத் திண்டு இருந்தது. ஒன்றைக் கொண்டுவந்து, வாயால் ஊதி, அவர் இடுப்புக்கடியில் வைத்தேன். வலி குறைந்து கண்ணயர்ந்தார். அத்தோடு விட்டிருக்கலாம். இன்னும் சுகமாக இருக்கட்டுமே என்று, கடைப் பம்பை எடுத்துவந்து மேலும் அடித்தேன். (சைக்கிளுக்கு அடிக்கிற பழக்கம்.)

மறுநாள் கோயில் தர்மகர்த்தாவும் உறவுக்காரர்களும் கடைசியாக முகம் பார்க்க வந்திருந்தார்கள். பெண்கள் விசும்பிக்கொண்டிருந்தார்கள். மாமனாரைச் சற்றுப் புரட்டினோம். திண்டின் மூடி தெறித்தது. நீளமாக, ஏற்ற இறக்கத்தோடு ஒரு சத்தம். விசும்பல் நின்றது. தர்மகர்த்தா கூரையைப் பார்த்தார்.

மாமனார் கண்ணைத் திறந்து, விரலசைத்து என்னைக் கூப்பிட்டார். குனிந்தேன்.

"மாப்ளே, அது நான் இல்ல. சொல்லிடுங்க."

நிமிர்ந்து, "அது மாமா இல்லீங்க, திண்டுலேர்ந்து வந்த காத்து!" என்று உரக்கச் சொன்னேன்.

"விடுங்க மாப்ளே, இந்த நெலமையில யாருக்கும் வர்றதுதான்," என்றாள் மாமனாரின் தங்கை.

விட்டேனா? திண்டை உருவியெடுத்து எல்லோருக்கும் முன்னால் அமுக்கிக் காட்டினேன். சத்தமே வரவில்லை. இருந்த காற்றெல்லாம் ஏற்கெனவே போய்விட்டது. மாமனார் என்னைப் பார்த்தார். பிறகு கண்ணை மூடிக்கொண்டார். அன்று சாயங்காலமே போய்விட்டார்.

இன்றும் எங்கள் வீட்டில் யாருக்காவது வயிறு கெட்டுச் சத்தம் வந்தால், பேரப்பிள்ளைகள் என்னைக் கும்பிட்டு, "அது நான் இல்ல, சொல்லிடுங்க!" என்கிறார்கள். நானும்தான் சிரிக்கிறேன். அவர் என்னை நம்பி ஒப்படைத்தது அந்த ஒரு வேலையை மட்டும்தான். இன்றுவரை ஒருவரும் நம்பவில்லை, என் மனைவி உட்பட.