அனுப்புநரை நம்பாத மாமனார்

அன்பு மாப்பிள்ளைக்கு, மாமனார் எழுதிக்கொள்வது. இங்கே நான் நலம். உங்கள் அத்தை என்னைவிட நலம். நீங்கள் வேலைபார்க்கும் கப்பலும் நலமாக மிதக்கிறது என்று நம்புகிறேன்.

கடலுக்குப் போகுமுன் நீங்கள் சொல்லிக்கொடுத்ததை நான் மறக்கவில்லை. "மாமா, மெயில்ல பேரைப் பாத்து ஏமாந்துடாதீங்க. பக்கத்துல இருக்கிற முகவரியைப் பாருங்க." முப்பத்துநாலு வருஷம் தபால் பிரித்தவன் நான். கடிதம் யாருக்குப் போகிறது என்று பார்த்தேனே தவிர, யாரிடமிருந்து வருகிறது என்று ஒருநாளும் பார்த்ததில்லை. இந்த மெயில் பெட்டியோ, தெரியாத ஆள் எழுதினால் கடிதத்தின் தலையிலேயே 'இவரை எனக்குத் தெரியாது' என்று மஞ்சள் பட்டை கட்டிவிடுகிறது. அடேயப்பா! எங்கள் ஆபீசில் பன்னிரண்டு பேர் சேர்ந்தும் இந்த மூளை இருந்ததில்லை. தினமும் ஒரு கும்பிடு போட்டுவிட்டுத்தான் திறக்கிறேன்.

நேற்று மாட்டினான் ஒருத்தன். பேர் என்னவோ நம் பெண்ணின் பேர்தான். முகவரியோ ஏதோ ஆஸ்பத்திரி, ஏழாவது வார்டு நர்ஸ், பின்னால் நாலு எண். "அப்பா, குழந்தை பிறந்துடுச்சு. என் போன் தண்ணியில விழுந்துடுச்சு. உடனே கிளம்பி வாங்க" என்று எழுதியிருந்தான். பிரசவத்துக்கு இன்னும் மூன்று வாரம் இருக்கிறதே! "யாரிடம் உன் வேலையைக் காட்டுகிறாய்?" என்று பதில் போட்டேன். விட்டானா? "விளையாடாதீங்கப்பா. பீரோவுக்குப் பின்னால பிஸ்கட் டப்பா ஒளிச்சு வெச்சிருக்கீங்களே, அம்மாகிட்ட சொல்லிடுவேன்" என்கிறான். என்ன திறமை மாப்பிள்ளை! போட்டோ வேறு அனுப்பினான். போர்வைக்குள் ஒரு குழந்தை, அச்சு அசல் என் மூக்கு. என் மூக்கை எங்கே பிடித்தான்! அசந்துபோய்க் கால்மணி நேரம் உட்கார்ந்துவிட்டேன். பிறகு தடுக்கும் பொத்தானை நாலுமுறை அழுத்தி அவன் வாயை அடைத்தேன். உங்களுக்கும் எழுதுவான். நம்பிவிடாதீர்கள்.

அலை அடங்கி, காற்று உங்கள் பக்கம் வீசி, நல்லபடியாக வீடு வந்து சேர வாழ்த்தும்,
மாமனார்.

பின்குறிப்பு: இதை எழுதி முடிக்கும்போது உங்கள் அத்தை வந்து அந்தப் போட்டோவைப் பார்த்தாள். முகவரிப் பக்கம் திரும்பவே இல்லை. "ஐயோ, இது நான் தைச்ச போர்வைங்க! நீல நூல் தீர்ந்துபோய் ஓரத்துல பச்சை போட்டேனே!" என்று அழுதுவிட்டாள். நானும் அழுதேன். வார்டுக்குப் போன் போட்டோம். நம் பெண்தான் பேசினாள், பிஸ்கட் டப்பாவில் ஆரம்பித்து. மாப்பிள்ளை, உங்களுக்கு மகள் பிறந்திருக்கிறாள். தாயும் சேயும் நலம். பெற்ற பெண்ணை நாலுமுறை தடுத்ததில் என் பெட்டியே பூட்டிக்கொண்டது. அதனால் இதைக் கீழ்வீட்டுத் தையற்காரர் முகவரியிலிருந்து அனுப்புகிறேன். உங்கள் பெட்டி இதற்கும் மஞ்சள் பட்டை கட்டும். உங்களுக்குப் புண்ணியமாகப் போகும், திறக்காமல் அழித்துவிடாதீர்கள்.