வெள்ளை மூட்டைக்குள் போன கேமரா

பல்லடம் சாலையோரமாக பஸ் ஸ்டாண்டை நோக்கி நான் வேகமாக நடந்துகொண்டிருந்தேன். ஓடவில்லை. ஓடினால் ஊரே திரும்பிப் பார்க்கும். வேகமாக நடந்தால் ஏதோ வேலையாகப் போகிறான் என்று விட்டுவிடும். ஓடிப்போவதில் எனக்கு அவ்வளவு அனுபவம் இருந்தது. எட்டாம் வகுப்பிலிருந்து ஓடியவன். பிறகு கரூரில் கொசுவலைத் தறி, ஈரோட்டில் சாயப்பட்டறை, திண்டுக்கல்லில் பூட்டுப் பட்டறை. எந்த இடத்திலும் சொல்லிக்கொண்டு கிளம்பியதில்லை.

அதுவரை ஓடியதெல்லாம் சலிப்பினால். இருபத்திரண்டு வயதில், அந்த மதிய வெயிலில், முதல்முறையாகப் பயந்து ஓடினேன். கேமரா ஒன்றைத் தொலைத்திருந்தேன். அது என்னுடையதும் அல்ல.

வேலம்பாளையத்தில் ரேஷன் கடைக்கு மேலே ஒரு அறை இருந்தது. பனியன் கம்பெனிகளில் வேலை செய்கிற இளைஞர்கள் தங்கள் கதையைத் தாங்களே படம் எடுக்கவும், கையெழுத்துப் பத்திரிகை நடத்தவும் சொல்லிக் கொடுக்கிற இடம். ஒரு வீடியோ கேமரா, ஒரு மைக், அடிக்கடி உறங்கிவிடும் ஒரு கம்ப்யூட்டர், இவ்வளவுதான் சொத்து. கேமராவை நோட்டில் எழுதிவைத்துவிட்டு ஒரு நாளைக்கு எடுத்துப்போகலாம். (நான் முதலில் போனது மின்விசிறிக்காக. கலைக்காக என்று பல வருடம் பொய் சொல்லியிருக்கிறேன்.)

அதை நடத்தியவர் ஸ்டெல்லா அக்கா. நோட்டில் என் பெயரை எழுதிவிட்டு, "முகவரி சொல்லு கண்ணு" என்றார்.

"இல்லீங்கக்கா."

"ஊட்டு முகவரி?"

"வீடே இல்லீங்கக்கா."

அவர் குனிந்து, 'மே/பா ஸ்டெல்லா' என்று தன் வீட்டு முகவரியையே எழுதினார். "நாளைக்கு சாயங்காலம் ஆறு மணிக்கு கேமரா இங்க இருக்கோணும். அனுப்பர்பாளையத்துப் பாத்திரப் பட்டறைப் பசங்க ரெண்டு மாசமாக் காத்துட்டிருக்காங்க. அப்புறம், யாரையும் கேக்காம எடுக்கக் கூடாது. மொதல்ல பேசு, பொறவு கேமராவத் தொறக்கலாம்."

தலையாட்டினேன். தலையாட்டுவதில் எனக்கு எப்போதும் முதல் மார்க்.

மறுநாள் கேமராவைச் சாப்பாட்டுப் பைக்குள் வைத்து, யாரிடமும் பேசாமல், கேட்காமல், நான் வேலை பார்த்த பனியன் கம்பெனிக்குக் கொண்டுபோனேன். வருடத்தில் முன்னூறு நாள் இருக்க, அன்றுதான் துணி வாங்குகிற வெளிநாட்டுக் கம்பெனி ஆட்கள், தொழிலாளிகளை ஒழுங்காக நடத்துகிறார்களா என்று பார்க்கும் ஆடிட்டுக்கு வருகிறார்கள் என்பது கேட்டைத் தாண்டிய பிறகே தெரிந்தது.

ஆடிட் நாளில் கம்பெனி, மாப்பிள்ளை வீட்டார் வருகிற பெண் வீடு மாதிரி இருக்கும். முதலுதவிப் பெட்டிக்குள் திடீரென்று பஞ்சும் மருந்தும் முளைக்கும். கழிப்பறையில் சோப்பு உட்கார்ந்திருக்கும். கட்டிங் மேஜையில் எல்லோர் கையிலும் இரும்பு வலைக் கையுறை. சூப்பர்வைசர் ஒவ்வொருவராக நிறுத்திப் பாடம் எடுத்துக்கொண்டிருந்தார்.

"ஓவர்டைம் பாக்கறீங்களான்னு கேட்டா?"

"இல்லீங்க சார்."

"மெரட்டுறாங்களான்னு கேட்டா?"

"இல்லீங்க சார்."

"உன்ற பேரென்ன?"

"இல்லீங்க சார்."

இதைவிட நல்ல படம் எனக்கு எங்கே கிடைக்கும்? துணி அடுக்குக்குப் பின்னால் நின்று பொத்தானை அழுத்தினேன். நான்கு நிமிடம்கூட ஆகியிருக்காது. மாடிப்படியில் ஷூ சத்தம். மேனேஜர், அவருக்குப் பின்னால் இரண்டு வெள்ளைக்காரர்கள். சூப்பர்வைசர் சரியாக என் பக்கம் திரும்பினார்.

கை தானாக வேலை செய்தது. பக்கத்தில் வாய் திறந்து கிடந்த கட்டிங் வேஸ்ட் மூட்டைக்குள், வெள்ளைத் துணித் துண்டுகளுக்கு நடுவே, கேமராவை முழங்கை வரை விட்டுப் புதைத்தேன்.

"அங்க என்னடா பண்ற?"

"சார், பாத்ரூம் போகணும் சார்."

"இப்பத்தானடா போயிட்டு வந்த?"

"அது நேத்து சார்."

"சரி போய்த் தொல."

போய்த் தொலைந்தேன். உள்ளே தாழ்ப்பாள் போட்டுக்கொண்டு கையை மூன்று முறை கழுவினேன். (அந்த சோப்பை முதலில் உபயோகித்தவன் நான்தான்.) திரும்பி வந்தபோது தரை கண்ணாடி மாதிரி இருந்தது. மூட்டை இல்லை. சாதாரண நாளில் மூன்று நாள் கிடக்கிற வேஸ்ட், ஆடிட் நாளில் பத்து நிமிடம்கூடக் கிடக்காது. தரை சுத்தமாகத் தெரிய வேண்டும் என்று அதைத்தான் முதலில் ஏற்றுவார்கள். ஒரு வருடமாக அங்கே மூட்டை கட்டிக்கொண்டிருந்த எனக்கு இது தெரியும். பயத்தில் தெரியாமல் போயிற்று. ஜன்னல் வழியாகப் பார்த்தேன். டெம்போ கேட்டைத் தாண்டிக்கொண்டிருந்தது.

அது வீரபாண்டி பக்கத்து வேஸ்ட் குடோனுக்குப் போகும் என்பதும் தெரியும். ஆனால் குடோன்காரர் கேமராவைப் பார்த்தால் கம்பெனிக்குப் போன் செய்வார். கம்பெனி போலீசுக்குப் போன் செய்யும். லாக்கப்பில் என்ன செய்வார்கள் என்பதை ஈரோட்டில் என்னோடு தங்கியிருந்த ஒருவன் முதுகில் பார்த்திருக்கிறேன். சாப்பாட்டு மணி அடித்ததும் பையை எடுத்துக்கொண்டு வெளியே வந்து நடக்கத் தொடங்கிவிட்டேன்.

பஸ் ஸ்டாண்டுக்குக் கொஞ்ச தூரம் இருக்கும்போது தொடையில் ஏதோ இடித்தது. பாக்கெட்டில் கைவிட்டேன். கேமராவின் உபரி பேட்டரி.

கேமராவைத் தொலைத்தவன் என்றால் முட்டாள். பேட்டரியோடு ஊரைவிட்டுப் போனவன் என்றால் திருடன். முட்டாள் பட்டம் எனக்குப் பழக்கம். ஆனால் திருடனைத் தேடிப் போகிறவர்கள் நோட்டைப் புரட்டுவார்கள். அதில் இருப்பது ஸ்டெல்லா அக்காவின் வீடு. முகவரி இல்லாதவனுக்குத் தன் வாசலை எழுதிக் கொடுத்தவரின் வாசலில் போய் நிற்பார்கள். நடுரோட்டில் நின்றேன். பின்னால் வந்த சைக்கிள்காரர், "சாவறதுக்கு என்ற வண்டிதான் கெடச்சுதா?" என்றார். திரும்பி நடந்தேன்.

குடோன் ஒரு தகரக் கொட்டகை. உள்ளே துணித் துண்டுகள் மலை மலையாகக் கிடந்தன. எட்டுப் பெண்கள் உட்கார்ந்து நிறம் பிரித்துக்கொண்டிருக்க வேண்டிய இடத்தில், எட்டுப் பேரும் வட்டமாக நின்று தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். தரையில் கேமரா. நான் சிவப்புத் துணி மலைக்குப் பின்னால் ஒளிந்தேன்.

"கம்பெனிக்காரன் நம்மள வேவு பாக்க வெச்சுருக்கான்" என்றது கனத்த குரல். அவர்தான் அந்தக் கூட்டத்துக்குத் தலைவி, சரசக்கா. "போன வாரம் கூலியப் பத்தி ஒக்காந்து பேசுனோம்ல, அது ஆரோ போய்ச் சொல்லியிருக்காங்க."

"ஒடச்சுப் போடலாங்க்கா" என்றாள் கையில் மூங்கில் கழி வைத்திருந்த ஒருத்தி. துணியை உதறும் கழி. அவள் பெயர் பரிமளா.

கழி மேலே போனது. என் வாயிலிருந்து எனக்கே தெரியாத ஒரு சத்தம் வந்தது. அடுத்த நொடி நான் சிவப்பு மலைக்குள் மல்லாந்து கிடந்தேன். கழி என் நெஞ்சில் இருந்தது.

"ஆருடா நீ? கம்பெனி ஒற்றனா?"

"இல்லீங்க, இல்லீங்க." (காலையில் கேட்ட பாடம் கைகொடுத்தது.) "அது என் கேமராங்க. என்னுது இல்லீங்க. படம் எடுக்கச் சொல்லிக் குடுத்தாங்க."

"ஆரு குடுத்தா?"

"ஒரு அக்கா. நம்ம கதைய நாமளே எடுக்கணும்னு…"

"ஏண்டா, நம்ம கதைய எடுக்கறவன் எதுக்கு மூட்டைக்குள்ள வெச்சு அனுப்பற?" சரசக்கா கேட்டது நியாயம்தான். பேட்டரியை நீட்டினேன். "இதப் போட்டுப் பாருங்கக்கா. உள்ள எல்லாம் இருக்கு."

கேமராவில் இருந்த பேட்டரி தீர்ந்திருந்தது. அதை மாற்றி, டேப்பைப் பின்னால் சுற்றி ஓடவிட்டேன். எட்டுத் தலைகள் சின்னத் திரை மேல் கவிழ்ந்தன.

என் முதல் திரைப்படம் இப்படி ஓடியது: ஒரு நிமிடம் என் கட்டைவிரல். பிறகு தலைகீழாக ஒரு கையுறை. சூப்பர்வைசரின் இடது காது. திடீரென்று எல்லாம் வெள்ளையாகி, அப்புறம் இருட்டு. இருட்டுக்குள்ளிருந்து என் குரல் தெளிவாக வந்தது: "சார், பாத்ரூம் போகணும் சார்." "இப்பத்தானடா போயிட்டு வந்த?" "அது நேத்து சார்."

பரிமளா கழியைக் கீழே போட்டுவிட்டு வயிற்றைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாள். ஒருவர் மேல் ஒருவர் சாய்ந்து சிரித்தார்கள். சரசக்கா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு தீர்ப்புச் சொன்னார்:

"உடுங்க புள்ளைகளா. இத்தனை பயந்தாங்கொள்ளிய எந்தக் கம்பெனிக்காரனும் ஒற்றனா வெக்க மாட்டான்."

என் பயம் என்னைக் காப்பாற்றியது வாழ்க்கையில் அந்த ஒருமுறைதான். கேமராவை எடுக்கப் போனேன். சரசக்கா என் கையைத் தட்டிவிட்டார்.

"நம்ம கதைன்னு சொன்னியே. எங்குளுது நம்ம கதையில வராதா?"

மணி நான்கு. ஆறு மணிக்குள் வேலம்பாளையம் போக வேண்டும். "வருங்க்கா" என்றேன். (நெஞ்சில் கழியின் தடம் அப்படியே இருந்தது.) டேப்பை மறுபடி ஆரம்பத்துக்குச் சுற்றிவைத்து, பொத்தான் எது என்று காட்டினேன். அவ்வளவுதான் எனக்கு வேலை இருந்தது. ஒருத்தி எடுக்க, ஒருத்தி பேசினாள். பஞ்சுத் தூசியில் வருகிற இருமலைப் பற்றி, தண்ணீர் குடிக்க எழுந்தால் விழுகிற திட்டைப் பற்றி, நிறம் பிரித்துப் பிரித்து வீட்டில் சோற்றிலும் கறுப்பு அரிசி பொறுக்குகிற கையைப் பற்றி. முக்கால் மணி நேரம். நான் சுற்றிவைத்த இடத்திலிருந்தே பதிவு ஓடியதால், என் படம் முழுவதும் அவர்கள் படத்துக்கு அடியில் போய் அழிந்தது.

ஆறுக்கு ஐந்து நிமிடம் இருக்கும்போது மாடிப்படி ஏறினேன். பட்டறைப் பசங்க வாசலிலேயே நின்றார்கள். ஸ்டெல்லா அக்காவிடம் கேமரா தொலைந்த கதையை ஒன்று விடாமல் ஒப்புவித்தேன். டேப்பைப் போட்டுப் பார்த்தார். "இத ஆரு எடுத்தா?" என்று இரண்டு முறை கேட்டார். நான் எடுத்தேன் என்று சொல்ல நாக்கு துடித்தது. "குடோன் அக்காங்க எடுத்தாங்கக்கா" என்றேன்.

பரிமளாவைப் பின்னால் நான் கல்யாணம் செய்துகொண்டதால் இந்தக் கதை வீட்டுக்குள்ளேயே குடிவந்துவிட்டது. ஆதாரம் அழிந்துவிட்டது என்று வாதாடிப் பார்க்கிறேன். எட்டு சாட்சிகள் இருக்கிறார்கள். கடன்காரர் வந்தாலும், மாமனார் வந்தாலும், நான் மெதுவாக எழுந்தால் போதும், என் மகள் கேட்பாள்: "அப்பா, பாத்ரூமா? நேத்துதானே போனீங்க?"

கம்பெனிக்கு நான் திரும்பவில்லை. அன்று ராத்திரி ஸ்டெல்லா அக்கா வீட்டு வராந்தாவில் படுத்தேன். நோட்டில் எழுதிய முகவரி ஒரு ராத்திரிக்காவது உண்மையாகட்டும் என்றார். மறுநாள் காலை எட்டு மணிக்கு அதே தகரக் கொட்டகையில் வேலைக்குச் சேர்ந்தேன். சரசக்கா எனக்கு ஒரு இடம் காட்டிவிட்டுச் சொன்னார்:

"வெள்ளை இந்தப் பக்கம், கலர் அந்தப் பக்கம். போறதுன்னா சொல்லிட்டுப் போ."

நான்கு வருடம் இருந்தேன். போகும்போது சொல்லிவிட்டுத்தான் போனேன்.