வீட்டில் சொல்லக் கூடாத கடன்

இனி யாருக்கும் பயப்படுவதில்லை என்று ராமசுப்ரமணியன் முடிவு செய்தது ஒரு திங்கட்கிழமை காலை ஏழே முக்காலுக்கு. கரமனை அக்ரஹாரத்தில் கணவன்மார்கள் இந்த மாதிரி முடிவுகளைச் சமையலறைக்குக் கேட்காத தூரத்தில்தான் எடுக்க வேண்டும். அதனால் மணி அடித்த போனோடு கொல்லைக்கு ஓடினார்.

"சாரே, பிரஜினாணு. லோன் கம்பெனிலேர்ந்து. மூணு தவணை பாக்கி..."

"இப்ப மணி என்ன?"

"ஏழே முக்கால்."

"எட்டுக்கு முன்னாடி கூப்பிடப்படாது. சாயந்தரம் ஏழுக்கு மேலயும் கூப்பிடப்படாது. ரிசர்வ் பேங்க் விதி! பேப்பர்ல படிச்சுட்டுத்தான் பேசறேன்."

"சாரி சாரே. எட்டு மணிக்கு விளிக்கட்டே?"

"எட்டுக்கு நான் குளிச்சிண்டிருப்பேன்!"

பேசியது தான்தானா என்று அவருக்கே சந்தேகம் வந்துவிட்டது. ஐம்பத்திரண்டு வருஷ வாழ்க்கையில் அவர் ஒருவரை அதட்டி, அந்த ஒருவர் மன்னிப்பும் கேட்டது இதுதான் முதல் தடவை. மனிதர் ருசி கண்டுவிட்டார்.

கடன் எதற்கு என்கிறீர்களா? ஒரு நாற்காலிக்கு. உட்கார்ந்து பொத்தானை அமுக்கினால் முதுகைப் பிடித்துவிடும் நாற்காலி. தவணையில் வாங்கிவிட்டு, மனைவி சூடாமணியிடம் "ஓணக் குலுக்கல்ல முதல் பரிசு" என்று சொல்லி வைத்தார். அவள் நம்பியதோடு நிறுத்திக்கொண்டிருக்கலாம். பழவங்காடிப் பிள்ளையாருக்கு ஐம்பத்தொரு தேங்காய் உடைத்தாள். தெரு முழுக்கச் சொல்லி, வந்தவர்களையெல்லாம் வரிசையாக உட்கார வைத்து முதுகு பிடிக்க விட்டாள். இவர் சனிக்கிழமைகளில் சாலைத் தெருவில் ஒரு கடைக்குக் கணக்கெழுதித் தவணை கட்டிவந்தார். அந்தக் கடையை மூடிவிட்டார்கள்; தவணையும் நின்றது. இப்போது உண்மை வெளியே வந்தால் பெண்டாட்டி, தெரு, பிள்ளையார் மூவரையும் ஏமாற்றியவராவார். பிள்ளையார் எப்படியும் மன்னித்துவிடுவார்.

அந்த வாரம் முழுக்கக் கொல்லையில் சட்ட வகுப்பு நடந்தது. திட்டக் கூடாது, அடையாள அட்டை இல்லாமல் வரக் கூடாது என்று பாடம் எடுத்தார். கடைசிப் பாடத்துக்கு மட்டும் குரல் தானாக உயரும். "என் ஆத்துக்காரிகிட்ட மூச்சு விடப்படாது! அது விதி!"

ஞாயிற்றுக்கிழமை பத்தரை மணிக்குப் பிரஜின் நேரிலேயே வந்து நின்றான். கழுத்தில் அடையாள அட்டை. முகத்தில் அசாத்தியப் பணிவு.

"ஏன்னா, யாரு இது?" என்றாள் சூடாமணி.

"ஆபீஸ்ல புதுசாச் சேந்திருக்கான்."

பிரஜின் மறுக்கவில்லை. மறுத்தால் அது வீட்டில் சொன்னதாகிவிடும். சட்டம் இவ்வளவு அழகாக வேலை செய்வதைப் பார்த்து ராமசுப்ரமணியனுக்குக் கண் கலங்கிவிட்டது.

"வாங்கோ, இந்த நாற்காலியில உக்காருங்கோ. இவருக்குக் குலுக்கல்ல விழுந்தது" என்றாள் சூடாமணி.

உட்கார்ந்த பிரஜினுக்குப் புரையேறியது. சூடாமணி தண்ணீர் கொண்டுவந்தாள். கூடவே ஒரு தட்டு மெதுவடையும் கொண்டுவந்து, எதிரே முக்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

"ஆத்துக்காரிகிட்ட சொல்லப்படாதுன்னு உங்களுக்கு விதி இருக்காமே?"

ராமசுப்ரமணியன் இருவருக்கும் நடுவில் பாய்ந்தார். "உனக்கு யாருடி சொன்னா?"

"நீங்கதான். ஒரு வாரமாக் கொல்லையில நின்னுண்டு கத்தினேளே. ஒட்டின சுவரு. ரெண்டாத்துக்கு அந்தண்டை இருக்கற சரஸ்வதியம்மாளுக்கே மனப்பாடம். எதைச் சொல்லப்படாதுங்கறதுதான் எங்க ரெண்டு பேருக்கும் தெரியலை."

"மாமி, ஞான் ஒண்ணும் பறையக் கூடாது" என்றான் பிரஜின் பாவமாக.

"வாயே திறக்க வேண்டாம். நான் சொல்றது சரின்னா ஒரு வடை எடுத்துக்கோங்கோ. வடை திங்கப்படாதுன்னு விதி இருக்கோ?"

பிரஜின் யோசித்தான். பயிற்சி வகுப்பில் வடையைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை.

"இவர் கடன் வாங்கியிருக்கார்."

ஒரு வடை போயிற்று.

"அவன் காலையில சாப்பிடலை போலிருக்கு!" என்று பதறினார் ராமசுப்ரமணியன்.

"ஸ்கூட்டருக்கா?"

கை நகரவில்லை.

"நீங்க உக்காந்திண்டிருக்கேளே, இதுக்கா?"

இரண்டாவது வடை.

"ரெண்டு தவணை பாக்கி?"

கை வடைத் தட்டு வரை வந்து திரும்பியது.

"மூணா?"

மூன்றாவது வடை.

"பிரஜின்! மேலிடத்துக்குப் புகார் எழுதுவேன்!"

"என்னன்னு சாரே?" என்றான் வாய் நிறைய வடையோடு. "ஞான் ஒரு வார்த்தை மிண்டலியே."

ராமசுப்ரமணியன் இடிக்குக் காத்திருந்தார். சூடாமணி கத்தவில்லை.

"முதுகு வலின்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா நானே வாங்கித் தந்திருக்க மாட்டேனா?" என்றாள். அவருக்கு நிஜமாகவே வெட்கமாகிவிட்டது. திட்டியிருந்தால் பழகிய விஷயம், தாங்கியிருப்பார்.

அவர் வெட்கப்பட்டு முடிப்பதற்குள் சூடாமணி போனை எடுத்தாள். அவள் போட்டிருந்த சீட்டுப் பணம் வந்திருந்தது. பாக்கியும் அபராதமும் மட்டுமல்ல, மொத்தக் கடனையும் கம்பெனிக் கணக்கில் கட்டித் தீர்த்துவிட்டாள்.

"நாற்காலி இனிமே என்னோடது. மாசா மாசம் தவணையை என்கிட்டக் கட்டிடுங்கோ. ஒரு நாள் தள்ளினாலும் சும்மா இருக்க மாட்டேன். நடுராத்திரியில எழுப்பிக் கேப்பேன். சரஸ்வதியம்மாளை வெச்சிண்டு கேப்பேன். உங்க ஆபீஸுக்கு வந்து கேப்பேன்."

"அதெல்லாம் விதிப்படி..."

"எந்த விதின்னா?"

ராமசுப்ரமணியன் பேப்பரில் படித்ததையெல்லாம் மனசுக்குள் ஒரு தடவை புரட்டிப் பார்த்தார். பெண்டாட்டிகளைப் பற்றி எங்கேயும் ஒரு வரி இல்லை.

பிரஜின் செருப்பை மாட்டிக்கொண்டு தெருவில் இறங்கினான். அவர் வேட்டியைப் பிடித்துக்கொண்டு பின்னாலேயே ஓடி, அவன் கையை இறுகப் பற்றினார்.

"தம்பி, எனக்கு வேற ஒரு லோன் தருவேளா?"

"எந்தினா சாரே?"

"எதுக்காவது குடுப்பா. என்கிட்ட மரியாதையாப் பேசணும்னு சட்டம் இருக்கறது இந்த உலகத்துல உனக்கு ஒருத்தனுக்குத்தான்!"