யாரையும் கதவோடு அனுப்பமாட்டேன்

என் அக்காள் பெற்றெடுத்த அணுகுண்டாகிய அருமை மருமகளுக்கு, நான்காம் மாடிச் சக்கரவர்த்தியும் உன் ஒரே தாய்மாமனுமாகிய நான் ஆசியோடும், அதைவிடக் கூடுதலான கோபத்தோடும் எழுதுவது. நான் இங்கே கல்லுக்குண்டு மாதிரி இருக்கிறேன். நீயும் மாப்பிள்ளையும் சௌக்கியமாகத்தான் இருப்பீர்கள். இல்லாவிட்டால் எனக்கு இவ்வளவு தெம்பாக உத்தரவு போட முடியுமா?

"ஞாயித்துக்கிழமை வண்டியோட வரோம் மாமா, துணிமணியெல்லாம் எடுத்து வைங்க, இனிமே எங்ககூடத்தான் இருக்கணும்" என்று நேற்று போனில் சொன்னாயே, நான் என்ன பழைய சோபாவா, வண்டியில் ஏற்றிக்கொண்டு போக? வாடகைக்கு ஜாமீன் போட்டவர் என்பதால் மாப்பிள்ளைக்குக் குடியிருப்பு அலுவலகம் புகார் அனுப்பியதாம். "உங்கள் மாமா வீட்டுக்கு வருகிறவர்களைப் பின்தொடர்கிறார்" என்று. பின்தொடர்கிறேனாம்! வழியனுப்புகிறேன் தாயே, வழியனுப்புகிறேன்! இந்த நாட்டில் வந்தவர் வெளியே காலை வைத்ததும் படாரென்று கதவைச் சாத்துகிறார்களே, அந்தச் சத்தம் முதுகில் விழும் அறை. அதை என்னால் ஒரு பகைவனுக்குக்கூடச் செய்ய முடியாது.

எல்லாவற்றுக்கும் மூலகாரணம் அந்தக் குழாய் ரிப்பேர்காரர். சமையலறைக் குழாயைச் சரிசெய்துவிட்டுக் கிளம்பினார். மரியாதைக்குப் படியிறங்கினேன். அவர் வேகமாக நடந்தார்; நமக்கென்ன வயசா ஆகிவிட்டது, நானும் வேகமாக நடந்தேன். அவர் ஓடினார். அவசரம் போலிருக்கிறது என்று நானும் ஓடினேன். வேனில் பாய்ந்து ஏறிக் கதவைப் பூட்டிக்கொண்டார். வேன் திருப்பத்தில் மறைகிறவரை கையசைத்தேன். மனுஷன் என்னைக் கண்ணாடியில் பார்த்த பதற்றத்தில் முட்டுச்சந்துக்குள் போய்விட்டுத் திரும்பி வந்தார். அப்போதும் நான் அங்கேயே நின்று கையசைத்துக்கொண்டிருந்தேன். பிரபஞ்சம் தோன்றிய நாள் முதல் எந்தக் குழாய்க்காரருக்கும் இப்படி ஒரு ராஜமரியாதை கிடைத்திருக்காது. அவர் நேராகப் போய்ப் புகார் கொடுத்தார்.

மறுநாள் கட்டடத்தைப் பார்த்துக்கொள்ளும் நரைமீசைக்காரர் மேலே வந்தார். அவர் பாஷையில் சொன்னதை நம் பாஷையில் தருகிறேன். "சார், இங்க இதெல்லாம் பழக்கம் இல்ல. வந்தவங்கள கதவோட விட்டுடணும்" என்றார். "ஆகட்டுங்க" என்று சொல்லிவிட்டு, அவரைக் கீழே அவர் அறைவரை கொண்டுபோய் விட்டேன். அவர் தலையில் அடித்துக்கொண்டு, "நீங்க முதல்ல வீட்டுக்குள்ள போங்க" என்று என்னை மேலே கூட்டிவந்தார். வீடு தேடி வந்தவரை அப்படியே அனுப்ப முடியுமா? மறுபடியும் கூடவே இறங்கினேன். இப்படியே ஏறி இறங்கி, கடைசியில் நடுப்படியில் உட்கார்ந்து, "எனக்கு முட்டி வலிக்குது, ரெண்டு பேரும் இங்கயே பிரிஞ்சுடலாமா?" என்று கெஞ்சினார். இப்போதெல்லாம் பேச வேண்டியதை அந்தப் படியிலேயே பேசிக்கொள்கிறோம்.

எதிர்வீட்டு டாக்ஸிக்காரரைக் கேள். காலையில் அவர் வண்டி எடுக்கும்போது நான் கீழே நின்று கையசைக்காவிட்டால் அவருக்குப் பொழுது விடியாது. போன மாதம் காய்ச்சலில் படுத்துவிட்டேன். தெருவை ஒரு சுற்றுச் சுற்றி வந்து கதவைத் தட்டினார். "என்னங்க ஆச்சு? நீங்க அனுப்பாம போனா ஒரு சவாரிகூட ஏற மாட்டேங்குது" என்றார். மருந்தும் அவரே வாங்கிவந்தார். உன் பேட்டையில் உனக்குப் பக்கத்து வீட்டுக்காரர் முகமாவது தெரியுமா?

ஆகவே இதுவே என் இறுதி அறிக்கை: நான் வரமாட்டேன். அலுவலகமல்ல, அரசாங்கமே பீரங்கியோடு வந்தாலும் வரமாட்டேன். வந்த பீரங்கியைத் தெருமுனைவரை கொண்டுபோய் விட்டுவிட்டு வருவேன். என்னைப் பார்த்துக்கொள்ள எனக்குத் தெரியும். யார் தயவும் தேவையில்லை. ஞாயிற்றுக்கிழமை வண்டியை எடுத்தாயோ, தெரியும் சேதி!

மாப்பிள்ளைக்கு என் அன்பு. நீங்கள் இருவரும் உத்தரவு போடுகிற பலம் குறையாமல், போட்ட உத்தரவு ஒன்றும் பலிக்காமல், நீண்டகாலம் வாழ்க.

இப்படிக்கு,
அசைக்க முடியாத உன் மாமன்

பின்குறிப்பு: போன் இருக்கக் கடிதம் ஏன் என்று யோசிப்பாய். இன்று காலை டாக்ஸிக்காரரை வழியனுப்ப இறங்கியபோது காற்றில் கதவு தானாகப் பூட்டிக்கொண்டது. சாவி, போன், சட்டை எல்லாம் உள்ளே. உன் நம்பர் அந்தப் போனுக்குத்தான் தெரியும், எனக்குத் தெரியாது. லுங்கியும் பனியனுமாக, டாக்ஸிக்காரர் மனைவியின் பூப்போட்ட சால்வையைப் போர்த்திக்கொண்டு, படிக்கட்டில் உட்கார்ந்து எழுதுகிறேன். கடிதத்தைக் கொண்டுவருகிறவர் டாக்ஸிக்காரர்தான். மாற்றுச் சாவி உன்னிடம் இருக்கிறது. ஞாயிறுவரை காத்திருக்காதே, கண்ணு, இப்பவே கிளம்பி வா. கிளம்புமுன் அவருக்குக் குடிக்க ஏதாவது கொடுத்து, கார்வரை போய் ஏற்றிவிடு. ஆனால் ஒரு காலை வாசலிலேயே வைத்துக்கொள். உன் வீட்டுக் கதவும் இதே ரகம்தான்.