பாதி மோதும் என்றால் சூடத்துக்கு யார் பதில் சொல்வது?

பெருமதிப்புக்குரிய பத்திரிகை ஆசிரியர் ஐயாவுக்கு,

ஈப்போ புந்தோங்கிலிருந்து அங்கமுத்து வணக்கத்துடன் எழுதுவது. எனக்கு எழுத்து வராது; நான் சொல்லச் சொல்ல என் மருமகள் சரளா எழுதுகிறாள். நீங்களும் உங்கள் வீட்டாரும் சுகமாக இருக்க வேண்டும். நான் சுகமாக இல்லை. அதற்கு நீங்கள்தான் காரணம்.

ஒலிம்பிக் பூப்பந்து இறுதி ஆட்டத்தில் நம் ஆள் சீனாக்காரனிடம் கடைசி செட்டில் இரண்டே புள்ளியில் தோற்று, இந்த ஊரே சோறு இறங்காமல் படுத்த வருஷம் ஞாபகம் இருக்கிறதா? காம்பார் பக்கம் எங்கள் தோட்டத்தில் மிச்சமிருந்த ரப்பர் மரங்களைச் சாய்த்துச் செம்பனை நட்டதும் அதே வருஷம்தான். அந்த ஆட்டத்துக்குக் கொஞ்சம் முன்னால் உங்கள் பத்திரிகையில் ஒரு செய்தி போட்டீர்கள். மறந்திருப்பீர்கள். நான் மறக்கவில்லை. நம் பால்வீதிக்குப் பக்கத்தில் ஆண்ட்ரோமேடா என்று ஒரு பெரிய சுருள் மண்டலம் இருக்கிறது, அது நம்மை நோக்கி வந்துகொண்டே இருக்கிறது, நானூறு கோடி வருஷத்தில் நிச்சயமாக நம்மீது மோதும் என்று போட்டீர்கள். நிச்சயமாக! அந்தச் சொல் உங்களுடையது.

காளியம்மா கோப்பிக் கடையில் பசியாறிக்கொண்டிருந்தோம். எங்கள் கூட்டத்தில் படிக்கத் தெரிந்தவர் சதாசிவம் அண்ணன் மட்டும். அவர்தான் சத்தமாகப் படித்தார். பக்கத்தில் என் தங்கை மாரியம்மாவின் புருஷன், என் மச்சான் இராமசாமி, ரொட்டியைக் கோப்பியில் முக்கிக்கொண்டே சிரித்தான்.

"எதுலா மோதும்? வானத்துல ரோடு இருக்கா, லோரி இருக்கா? அவ்ளோ எடம் கெடக்கு, ஒதுங்கிப் போவாதா?"

"பேப்பர்ல போட்டிருக்குடா! பேப்பர்காரன் என்ன உன்ன மாதிரி வாய்க்கு வந்தத சொல்லுவானா?"

"போன வாரம் மழை வரும்னு போட்டான். என் செருப்பு நனையவே இல்ல, மச்சான்."

காளியம்மா அடுப்படியிலிருந்து, "நானூறு கோடி வருஷம் கெடக்குலா, மொதல்ல கோப்பிய குடிங்க, ஆறுது" என்றாள். யார் கேட்டார்கள்? பேச்சு வளர்ந்து, கடைக்குப் பின்னால் இருக்கும் முனியாண்டி முன்னால் போய் நின்றோம். பூசாரி சூடம் ஏற்றிக் கொடுத்தார். நான் "மோதும்" என்று சூடத்தை அடித்து அணைத்தேன். அவன் "மோதாது" என்று அடித்து அணைத்தான். எவன் சொன்னது பொய்யோ அவன் மற்றவன் வாசலுக்குப் போய் "நீ சொன்னதுதான் சரி மச்சான்" என்று சொல்ல வேண்டும், அதுவரை பேச்சுவார்த்தை கிடையாது என்று சத்தியம். உங்களை நம்பித்தான் ஐயா அடித்தேன். உள்ளங்கை கொப்புளித்தது எனக்கு, உங்களுக்கு இல்லை.

அதன் பிறகு நடந்ததைக் கேளுங்கள், அவன் மகன் தனேஸ்வரன் கல்யாணத்துக்குத் தாய்மாமன் நான், மாலை போட வேண்டியவன் நான், என்னை அழைக்க வேண்டியவன் அவன், பேசக்கூடாது என்பதால் தாம்பூலத் தட்டைப் படம் பிடிக்க வந்த பையனிடம் கொடுத்தனுப்பினான், அந்தப் பையன் என்னிடம் வந்து "அங்கிள், யார் கூப்பிட்டதுனு சொல்லணும்?" என்று கேட்கிறான், மேடையில் நாங்கள் இருவரும் ஆளுக்கொரு பக்கம் முகத்தைத் திருப்பி நின்ற படம் இன்றும் அவர்கள் வீட்டு ஹாலில் தொங்குகிறது, அடுத்த மழைக்கு நான் லோங்காங்கில் விழுந்து இடுப்பளவு சாக்கடைத் தண்ணீரில் நிற்கிறேன், அந்த வழியாக வந்தவன் அவன், கையைப் பிடித்துத் தூக்கிவிட்டு ஒரு வார்த்தை சொல்லாமல் போகிறான், "செத்துப் போ" என்றாவது சொல்லியிருக்கலாம், பிறகு மகன் வீட்டோடு பாகான் டத்தோவுக்கே போய்விட்டான், என் தங்கையையும் கூட்டிக்கொண்டு. "அண்ணே, மேல இருக்கறது மோதுனா மோதட்டும், நீங்க ரெண்டு பேரும் எனக்காகப் பேசுங்கலா" என்று போனில் அழுவாள். சூடம் அடித்தாயிற்றே, என்ன செய்ய? அவள் கண்ணை மூடியபோது பிறந்த வீட்டுக் கோடிச் சேலையை நான்தான் கொண்டு போனேன். இராமசாமி இரண்டு கையையும் நீட்டி வாங்கினான். அவன் வாய் திறக்கவில்லை. நானும் திறக்கவில்லை.

இப்போது என்ன போட்டிருக்கிறீர்கள்? மருமகள் படித்துக் காட்டினாள். ஆராய்ச்சிக்காரர்கள் மறுபடி கணக்குப் போட்டார்களாம். அந்தப் பக்கத்துச் சின்ன மண்டலம் ஒன்று மோது என்று தள்ளுகிறதாம், நம் பக்கத்துச் சின்னது ஒன்று விலகு என்று இழுக்கிறதாம், சம்பந்தி வீட்டுப் பஞ்சாயத்து மாதிரி. அதனால் மோதினாலும் மோதும், மோதாமலும் போகும், பாதிக்குப் பாதியாம்!

பாதிக்குப் பாதியா? அடேய் என்று... சரளா, எழுது. "ஆசிரியர அப்படியெல்லாம் எழுத முடியாது மாமா" என்கிறாள். சரி. ஐயா, பாதி மோதும் என்றால் நான் பாதி வழி போய் நிற்கவா? தெலுக் இந்தானில் இறங்கி நடுரோட்டில் நின்று யாரிடம் சொல்வது? முனியாண்டியிடம் போய் "சாமி, அமெரிக்காக்காரனுக்கே சந்தேகம்" என்று சொல்ல முடியுமா? அன்றைக்கு நிச்சயம் என்று போட்டவர் நீங்கள். மோதுமா, மோதாதா, ஒரே வார்த்தையில், முதல் பக்கத்தில் போடுங்கள். போடாவிட்டால் இந்த வீட்டில் இனி உங்கள் பத்திரிகை நுழையாது. வாழை இலைக்குப் பதிலாகக்கூட விரிக்க விடமாட்டேன்.

உங்கள் பத்திரிகையில் வேலை செய்யும் எல்லோருக்கும் முனியாண்டி நல்ல புத்தியும் நீண்ட ஆயுளும் கொடுக்கட்டும்.

இப்படிக்கு,
அங்கமுத்து

பின்குறிப்பு: உறையை ஒட்டும் நேரத்தில் தனேஸ்வரன் போன் செய்தான். அவனுடைய அப்பாவுக்கு இப்போது எழுந்து நடக்க முடியவில்லையாம். அதனால் மேலே சொன்ன எதையும் போட வேண்டாம். "மோதாது" என்று மட்டும் போடுங்கள். தோற்றவன்தான் வாசலுக்குப் போக வேண்டும். அவனால் இங்கே வர முடியாது. இந்த வாரமே போடுங்கள், கையோடு எடுத்துக்கொண்டு போகிறேன். பொய்யாகிவிடுமே என்று பயப்படாதீர்கள், உங்களைக் கேட்க ஆள் இல்லை. சதாசிவம் அண்ணன் போய்விட்டார். காளியம்மா போய்விட்டாள். சூடம் ஏற்றிக் கொடுத்த பூசாரியும் போய்விட்டார். என் தங்கையும் போய்விட்டாள். அன்றைக்கு அங்கே நின்றவர்களில் என்னை விட்டால் உயிரோடு இருப்பது இராமசாமி ஒருவன்தான்.