அக்கினி நட்சத்திரத்தில் மூடுபனி

போடிநாயக்கனூர்,
செவ்வாய்க்கிழமை.

மரியாதைக்குரிய மாப்பிள்ளை வினோத்குமார் அவர்களுக்கு மாமனார் கன்னையன் எழுதிக்கொள்வது. இங்கே உங்கள் அத்தை சுகம், ஜீப்பும் சுகம். என்னைப் பற்றித்தான் கீழே எழுதியிருக்கிறேன். திருப்பூரில் நீங்களும் முத்துப்பிரியாவும் பேரனும் ஒரு குறையும் இல்லாமல் இருக்க வேண்டும். எழுத்து பெரிது பெரிதாக இருப்பதைத் தப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள், காரணம் பின்னால் வரும்.

என் டிரைவிங் லைசன்ஸ் இந்த மாதக் கடைசியோடு முடிகிறது. டாக்டர் சான்று கொடுத்தால்தான் புதுப்பிப்பார்கள். எனக்கும் வயது அறுபத்தொன்று ஆகிவிட்டது. முப்பத்தைந்து வருடமாகக் குரங்கணிக்கு மேலே ஏலத்தோட்டத்துக்கு ஆள் ஏற்றிப் போகிறவனுக்கு இதெல்லாம் ஒரு சோலியா என்று நினைத்து நேற்றுக் காலை போனேன். பிரஷர் மாத்திரை வாங்க வேண்டும் என்று ஜக்கம்மாளும் கூடவே வந்தாள். என் ஜீப்பில் காய் எடுக்கப் போகும் பதினாலு பெண்களில் ஒருத்தி (சட்டப்படி எத்தனை பேர் என்று கேட்காதீர்கள்). இரண்டு வருடமாக என் பக்கத்துச் சீட்டில் உட்கார்ந்து, "லாரி வருதுண்ணே, மாடு நிக்கிதுண்ணே, வளைவுல கல்லு கெடக்குண்ணே" என்று வாய் ஓயாமல் கத்துகிறவள். அவளை நான் திட்டாத நாள் கிடையாது.

டாக்டர் பிரஷர் பார்த்தார், கையைக் காலைத் தூக்கச் சொன்னார், காது கேட்கிறதா என்று பார்த்தார். எல்லாம் நன்றாக இருக்கிறது என்றார். பிறகு சுவரில் தொங்கும் அட்டையைப் படிக்கச் சொன்னார். "டாக்டர், ரூமுக்குள்ள மஞ்சு எறங்கிருச்சே, சன்னலச் சாத்துங்க" என்றேன். மலையில் மூடுபனியை நாங்கள் மஞ்சு என்றுதான் சொல்லுவோம். அவர் வேர்வையைத் துடைத்துக்கொண்டார். அந்த நேரம் பார்த்து முதுகுக்குப் பின்னாலிருந்து, "ப-ண்ணே" என்று ஒரு குரல். பழக்க தோஷம், நானும் "ப" என்றேன். "ட-ண்ணே." "ட." இப்படியே நாலு வரி வெரசாகப் படித்து முடித்துவிட்டேன். ஐந்தாவது வரியில் டாக்டர், "ஏம்மா, லைசன்ஸ் ஒனக்கா, அவருக்கா?" என்று கேட்டு அவளை வெளியே அனுப்பினார். அதற்குப் பிறகு அட்டையும் இல்லை, எழுத்தும் இல்லை. சுவர் இருந்திருக்கும் என்பதே என்னுடைய ஊகம்தான்.

இரண்டு கண்ணிலும் புரை முற்றிக் கிடக்கிறதாம். ஆபரேஷன் செய்து, பார்வை சரியாகி வந்தால் கையெழுத்துப் போடுவாராம். அதுவரைக்கும் ஸ்டியரிங்கைத் தொடக்கூடாதாம்.

மாப்பிள்ளை, மலையில் மஞ்சு அதிகமாகிவிட்டது, மஞ்சு அதிகமாகிவிட்டது என்று உங்களிடம் எத்தனை தடவை போனில் சொல்லியிருப்பேன். போன அக்கினி நட்சத்திரத்தில் போடி பஸ் ஸ்டாண்டிலேயே மூடுபனி என்று சொல்லி, பேரனுக்கு ஸ்வெட்டர் கொண்டுவரச் சொன்னேன். நீங்களும் மாமனார் சொல்லைத் தட்டாமல் போட்டுக் கூட்டி வந்தீர்கள். பிள்ளைக்கு உடம்பெல்லாம் வேர்க்குரு. அதற்கு இப்போது மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன்.

வெளியே வந்து ஜக்கம்மாளைப் பிடித்தேன். "ஒனக்கு எப்ப இருந்து தெரியும்?"

"ரெண்டு வருசமாத் தெரியும்ணே. ஒருநா எதுக்க வந்த பஸ்ஸ பாறைன்னு நெனச்சு ஒதுங்காமயே நின்ன பாரு, அன்னைக்கே பதினாலு பேருக்கும் தெரிஞ்சுபோச்சு. எனக்குத்தான் தொண்டை பெருசுன்னு முன்னால ஒக்கார வச்சாளுக."

"ஏன்டி ஏங்கிட்டச் சொல்லல?"

"சொன்னா வண்டிய நிறுத்திருவ. மத்தவன் ஒரு கையில போன வச்சுக்கிட்டுல்ல ஓட்டுறான்! ஒனக்கு நெதானம் இருக்கு, எங்களுக்குக் கண்ணு இருக்கு. போதும்னு இருந்துட்டோம்."

அந்த மலை ரோட்டை நினைத்துப் பார்த்தேன். ஒரு பக்கம் பாறை, ஒரு பக்கம் பள்ளம். பதினாலு வீட்டுப் பெண்களை வைத்துக்கொண்டு இரண்டு வருடம் நான் குருடனாக ஓட்டியிருக்கிறேன், அதுவும் எனக்குக் கண்ணாக இருந்தவளைத் திட்டிக்கொண்டே. வெட்கமாக இருக்கிறது மாப்பிள்ளை. சோறு இறங்கவில்லை. உங்கள் அத்தையிடம் சொன்னால், "நீங்க சட்டையைத் திருப்பிப் போட்டுக்கிட்டுப் போறப்பவே எனக்குத் தெரியும்" என்கிறாள். தெரியாதவன் நான் ஒருத்தன்தான்.

ஆகவே ஒரு முடிவு எடுத்துவிட்டேன். கண்ணில் கத்தி வைக்க விடமாட்டேன். பயம் என்று உங்கள் அத்தை சொல்லுவாள், உண்மைதான். லைசன்ஸ் வேண்டாம். ஞாயிற்றுக்கிழமை வந்து ஜீப்பை விற்றுக் கொடுத்துவிட்டு, என்னையும் கூட்டிக்கொண்டு போங்கள். உங்கள் பனியன் கம்பெனியில் வாட்ச்மேன் வேலை இருந்தால் போதும். அதற்கும் கண் வேண்டும் என்கிறாள் உங்கள் அத்தை.

குலசாமி உங்கள் மூவருக்கும் துணை நிற்கட்டும். பேரனுக்கு இந்தத் தாத்தாவின் முத்தம். பைக்கில் போகும்போது ரோட்டைப் பார்த்துப் போங்கள்.

இப்படிக்கு,
முன்னாள் டிரைவர்
கன்னையன்

பி.கு.: கவரில் விலாசம் கோணாமல் இருக்கிறதா என்று பார்க்க ஜக்கம்மாளிடம் கொடுத்தேன். விலாசத்தை விட்டுவிட்டுக் கடிதம் முழுக்கப் படித்துவிட்டாள். "வெள்ளிக்கிழமை ஆபரேசனுக்குப் பேரு குடுத்தாச்சு. அன்னைக்குப் பதினாலு பேரும் லீவு" என்கிறாள். வேறு டிரைவரை வைத்து என் ஜீப்பிலேயே தேனிக்குக் கூட்டிப் போகிறார்களாம். முன் சீட்டு எனக்காம். "ரெண்டு வருசம் ஒனக்காக நாங்க கத்துனோம், ஒருநா எங்களுக்காக நீ கத்து" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள். ஆகவே நீங்கள் ஞாயிற்றுக்கிழமை வர வேண்டாம், ஜீப்பையும் விற்க வேண்டாம். வெள்ளிக்கிழமை என் கண்ணுக்கு எதுவும் தெரியப்போவதில்லை. இருந்தாலும், லாரி வருது லாரி வருது என்று தேனி வரைக்கும் கத்திக்கொண்டுதான் போவேன்.